டிஃப் லாக்கா, லிமிடெட் ஸ்லிப்பா, டிரம்மா, டிஸ்க்கா: வேலைக்கு ஏடிவி எடுக்குறதுக்கு முன்னாடி

ஏடிவி, அதாவது ஹேண்டில் புடிச்சு ஓட்டுற, கரடுமுரடான எடத்துக்கான நாலு சக்கர வண்டி, அத வாங்கப் போறவங்க கேக்குறது பெரும்பாலும் ரெண்டே கேள்வி தான். எத்தன சிசி, ஃபோர் வீல் டிரைவ் இருக்கா. ரெண்டுக்கும் பதில் கெடச்சதும் காசக் கட்டிட்டு வண்டிய எடுத்துட்டு வந்துடுறாங்க. அப்புறம் ஆறு மாசம் கழிச்சு ஆரம்பிக்கும் பாருங்க, "ஃபோர் வீல் போட்டும் ஒத்த சக்கரம் மட்டும் சுத்திக்கிட்டு நிக்குதே", "லாக் போட்டா ஹேண்டில் திரும்பவே மாட்டேங்குதே", "சரிவுல இறங்குறப்ப பின்பக்கம் முன்னாடி வரப் பாக்குதே"ன்னு. இதுல எதுக்கும் சிசிக்கும் சம்பந்தம் கெடையாது. எல்லாமே டிஃபரென்ஷியல் (ரெண்டு பக்க சக்கரத்தையும் வேற வேற வேகத்துல சுத்த விடுற கியர் பெட்டி, சுருக்கமா டிஃப்; அத பூட்டி ரெண்டையும் சேத்து சுத்த வைக்கிறது தான் லாக்), பிரேக் சமாச்சாரம்.

நான் சொல்ல வர்றது ஒன்னு தான். டிஃப்ஃப தனியா, பிரேக்க தனியா பாத்து முடிவு பண்ணாதீங்க. எஞ்சின்ல இருந்து சக்கரத்துக்கு பலம் எந்த வழியா போகுதோ, இறங்குறப்ப எஞ்சின் புடிச்சு நிறுத்துற பலமும் அதே வழியா தான் திரும்பி வரணும், அந்த வழி எங்கயாவது அறுந்திருந்தா ஏறுறப்ப தெரியாது, இறங்குறப்ப தான் தெரியும். எல்லாரும் ஏறுறத மட்டும் பாத்து வாங்குறாங்க.

இங்க பேசுறது கேரியர் வச்சு, டிரெய்லர் இழுத்து, மருந்து டேங்க் கட்டி வேலை பாக்குற வண்டிகளப் பத்தி. ரேஸ் வண்டி கணக்கு வேற.

## எதை வச்சு எடை போடணும்

நான் பாக்குறது இதெல்லாம்: ஒரு சக்கரம் தரைய விட்டு தூக்குனா வண்டி நகருமா. வளைவுல சுலபமா திரும்புமா, திரும்புறப்ப புல்லு மண்ணு எவ்ளோ கிழியும். இறங்குறப்ப எத்தன சக்கரம் புடிக்கும். தண்ணி சேறு பட்டா பிரேக் என்ன ஆகும். கடைசியா, வாங்குற விலைல தெரியாத செலவு, அதாவது டயர், சீல், பெல்ட், ஆயில் இப்படி.

இன்னொன்னும் இருக்கு, யாரு ஓட்டப் போறாங்க. நீங்க ஒருத்தரே ஓட்டுனா எப்ப லாக் போடணும்னு கை தானா பழகிடும். நாலு பேரு மாத்தி மாத்தி ஓட்டுற வண்டின்னா, லாக்க போட்டுட்டு எடுக்க மறந்து கெட்டித் தரைல ஓட்டுறவங்க ஒருத்தராவது இருப்பாங்க.

## மொதல்ல டிஃப் என்ன பண்ணுதுன்னு ஒரு நிமிஷம்

வண்டி திரும்புறப்ப வெளிப்பக்க சக்கரம் அதிக தூரம் போகணும், உள்பக்க சக்கரம் கம்மியா. ரெண்டு பின் டயரோட நடுவுக்கு நடு 90 சென்டிமீட்டர்னு வச்சுக்கிட்டா, 90 டிகிரி திருப்பத்துல வெளிச் சக்கரம் உள் சக்கரத்த விட சுமார் 1.4 மீட்டர் கூடுதலா உருளணும். இதுல ஒரு வேடிக்கை, நீங்க குறுக்கா திரும்புனாலும் சரி, அகலமா வட்டம் போட்டு திரும்புனாலும் சரி, அந்த 1.4 மீட்டர் மாறாது. அகலமா திரும்புனா அதே வித்தியாசம் நீளமான பாதைல பரவிக்கும், அவ்ளோ தான்.

இந்த வித்தியாசத்த அனுமதிக்கிறது தான் டிஃப் வேலை. ஆனா சாதா டிஃப்ல, அதாவது ஓப்பன் டிஃப்ல, ஒரு குணம் உண்டு. ரெண்டு பக்கத்துக்கும் எப்பவும் சமமான திருப்பு விசைய தான் குடுக்கும். ஒரு சக்கரம் சகதில 20 நியூட்டன் மீட்டர்லயே வழுக்க ஆரம்பிச்சா, அடுத்த சக்கரம் பாறை மேல கெட்டியா நின்னாலும் அதுக்கும் 20 தான். ஒரு சக்கரம் காத்துல தொங்குனா பூஜ்ஜியம், அப்ப இந்தப் பக்கமும் பூஜ்ஜியம். "எல்லா பலமும் சுத்துற சக்கரத்துக்கே போயிடுது"ன்னு சொல்லுவாங்க, அது சரியில்ல, சுத்துற சக்கரத்துக்கும் ஒன்னும் போகல, அது தான் பிரச்சனையே.

## பின்பக்கம்: ஒரே ஆக்சிலா, டிஃப்ஃபா

வேலைக்கான ஏடிவில பெரும்பாலும் பின்னாடி டிஃப் கெடையாது. ரெண்டு சக்கரமும் எப்பவும் சேந்தே சுத்தும். சஸ்பென்ஷன் தனித்தனியா இருக்குற வண்டிலயும் நடுவுல இருக்குற கியர் பெட்டி ரெண்டு பக்கத்தையும் சேத்து தான் புடிச்சிருக்கும், அதனால "இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன்"னு போட்டிருந்தா பின்னாடி டிஃப் இருக்குன்னு நெனச்சுக்காதீங்க, நெறைய பேரு அங்க ஏமாறுறாங்க.

சேந்து சுத்துறதோட லாபம் பெருசு. ஒரு பக்கம் பள்ளத்துல தொங்குனாலும் மறுபக்கம் முழு பலத்தோட தள்ளும். மேடு ஏறுறப்ப எடை பின்னாடி சாயும், சரியா அந்த எடமே லாக் ஆகி இருக்கு, அதனால டூ வீல் டிரைவ்லயே ஆச்சரியப்படுற எடமெல்லாம் ஏறிடும். பிரேக்குலயும் மிச்சம், நடுவுல ஒரே ஒரு டிஸ்க்கோ டிரம்மோ வச்சா போதும், ரெண்டு சக்கரமும் புடிச்சிடும். உதிரி பாகம் கம்மி, கெடுறதும் கம்மி.

நஷ்டம் அந்த 1.4 மீட்டர். அது எங்கயாவது போயாகணும், டயர் தேஞ்சோ மண்ண சீச்சோ தான் போகும். வரிசை முடிவுல திருப்பி அடுத்த வரிசைக்கு வர்றது அரை வட்டம், அதுல 2.8 மீட்டர். ஒரு நாளைக்கு நூறு தடவ திரும்புனா 280 மீட்டர் டயர இழுத்துக்கிட்டு போன கணக்கு. புல் தரைனா அந்த மூலைல எல்லாம் புல்லு போயி மண்ணு தெரியும்.

ஓட்டுறதுலயும் ஒரு தந்திரம் வேணும். வண்டி நேரா போகவே பாக்கும். அதனால தான் வளைவுல வெளிப்பக்க கால்ல எடைய அழுத்தி, ஒடம்ப மட்டும் உள்பக்கம் சாய்க்கச் சொல்றாங்க, உள் பின் சக்கரம் லேசாகி வழுக்கிக்கொடுத்தா தான் வண்டி திரும்பும். புதுசா ஓட்டுறவங்க காருல உக்காந்த மாதிரி நடுவுல உக்காந்துக்கிட்டு ஹேண்டில மட்டும் திருப்பி, திரும்பல திரும்பலன்னு பதறுறது இதனால தான்.

சரிவுல குறுக்க போறப்ப இன்னொரு விஷயம் இருக்கு, இதப் பத்தி யாரும் பேசுறதில்ல. ஒரு டயர் சுத்தி வழுக்க ஆரம்பிச்சிட்டா பக்கவாட்டுலயும் புடிமானம் போயிடும். லாக் ஆன ஆக்சில்ல ரெண்டும் ஒன்னா வழுக்கும், அப்ப பின்பக்கம் மொத்தமா கீழ்ப்பக்கம் நழுவும். டிஃப் இருந்தா ஒன்னு தான் சுத்தும், சுத்தாத இன்னொன்னு பாதைல புடிச்சுக்கிட்டு நிக்கும். முன்னாடி போக முடியாது, ஆனா நழுவாது. எது நல்லதுன்னா, கீழ என்ன இருக்குங்கறத பொறுத்தது.

பின்னாடி திறக்குற டிஃப் வச்ச வண்டிகளும் இருக்கு. போலாரிஸ் தன்னோட ரேஞ்சர்ல "டர்ஃப் மோடு"ன்னு ஒன்னு குடுக்குது, சுவிட்ச போட்டா பின் டிஃப் திறந்து உள் சக்கரம் தன் போக்குல உருளும், புல்லு கிழியாது. கவாசாகி மியூல்லயும் பின் டிஃப்ஃப லாக் பண்ணி எடுக்கலாம். பக்கத்துல பக்கத்துல உக்காந்து போற கனமான வண்டிகளுக்கு இது ரொம்பவே தேவை, ஏன்னா ஒடம்ப சாச்சு திருப்புற வேலை அங்க நடக்காது.

புல்வெளி, தோட்டம், கெட்டித் தரை இதுல பாதி நாளுக்கு மேல ஓடுதுன்னா பின் டிஃப் உள்ள வண்டிக்கு கூடக் காசு குடுக்கலாம். மத்தவங்களுக்கு லாக் ஆன பின் ஆக்சிலே போதும், அதப் பத்தி மண்டைய கொடச்சுக்க வேண்டாம்.

## முன்பக்கம்: இங்க தான் உண்மையான தேர்வு

முன் சக்கரம் திருப்பவும் செய்யணும், இழுக்கவும் செய்யணும், அதனால கம்பெனிக்கு கம்பெனி ஒவ்வொரு வழி கண்டுபுடிச்சு வச்சிருக்காங்க.

### ஓப்பன் டிஃப், கூட ஒரு லாக் சுவிட்ச்

1987ல சுசுகி கொண்டு வந்த குவாட்ரன்னர் ஃபோர் வீல் டிரைவ் வண்டிலயே முன் டிஃப் லாக் இருந்துச்சு, அவ்ளோ பழைய யோசனை. இப்ப யமஹால பட்டன அமுக்கி டூ வீல், ஃபோர் வீல், டிஃப் லாக்னு மூணு படியா மாத்துறோம், சுசுகி கிங்குவாட்லயும் அதே மூணு தான்.

நடுப் படில ஃபோர் வீல் ஓடும், முன்னாடி டிஃப் திறந்திருக்கும், ஹேண்டில் சுலபமா திரும்பும். ஆனா கணக்கு போட்டா அது த்ரீ வீல் டிரைவ் தான், முன் சக்கரத்துல ஒன்னு தூக்குனா முன்பக்கம் செத்துடும். லாக் போட்டா நாலும் சேந்து சுத்தும், அதுக்கு மேல புடிமானம் எந்த வண்டிலயும் கெடையாது.

லாக்கோட வெலை ஹேண்டில்ல தெரியும். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டில லாக் போட்டு கல்லு மேல ஏறுனா ஹேண்டில் கைய ஒதறித் தள்ளும், சாயங்காலம் மணிக்கட்டு சொல்லும். லாக் வேணும்னு நெனச்சா பவர் ஸ்டியரிங்கயும் சேத்து நெனச்சுக்கோங்க, அது சொகுசு இல்ல. அப்புறம் லாக் உடனே விழாது, உள்ள பல்லு பல்லோட நேரா வரணும், அதனால சக்கரம் வேகமா சுத்திக்கிட்டு இருக்கப்ப அமுக்காம, நிறுத்தி லாக் போட்டு அப்புறம் மெதுவா எடுக்கணும். மாட்டுனதுக்கு அப்புறம் லாக் போடுறவங்க தான் அதிகம், மாட்டப் போற எடத்துக்கு நாலடி முன்னாடி போடணும்.

கவாசாகி புரூட் ஃபோர்ஸ்ல கொஞ்சம் வித்தியாசமா, ஹேண்டில்ல ஒரு லிவர், கையால எவ்ளோ அழுத்துறோமோ அவ்ளோ தான் முன் டிஃப் இறுகும். கை பழகுனவங்களுக்கு இது அருமையா இருக்கும், வேணுங்குற அளவு மட்டும் இறுக்கி வேணாம்னா விட்டுடலாம். நீளமான சகதில ஒரு கையால அழுத்திக்கிட்டே ஓட்டுறது தான் கொடுமை.

### லிமிடெட் ஸ்லிப்

சுவிட்ச் எதுவும் இல்ல, உள்ள கிளச் தட்டோ வேற ஏற்பாடோ உரசலா வேலை செஞ்சு, புடிமானம் உள்ள சக்கரத்துக்கு சில மடங்கு அதிகமா குடுக்கும். மூணு மடங்குன்னு வச்சுப்போம். சகதில இருக்குற சக்கரம் 20 தாங்குனா மறுபக்கம் 60. ஓட்டுறப்ப இதெல்லாம் உங்களுக்கு தெரியவே தெரியாது, பல பேரு ஓட்டுற வண்டிக்கு இதவிட நல்லது இல்லன்னு சொல்லலாம்.

ஆனா மூணு மடங்குல ஒரு ஓட்டை. ஒரு சக்கரம் காத்துல தொங்குனா? பூஜ்ஜியத்துக்கு மூணு மடங்கு பூஜ்ஜியம் தான்.

இங்க தான் பிரேக் உள்ள வருது. "முன் பிரேக்க லேசா புடிச்சுக்கிட்டு ஆக்சிலேட்டர் குடு, வந்துடும்"னு பழைய ஆளுங்க சொல்லுவாங்க. அது உண்மையா? லிமிடெட் ஸ்லிப்ல உண்மை, ஓப்பன் டிஃப்ல பொய். கணக்க பாருங்க. முன் பிரேக்கு ஒவ்வொரு சக்கரத்துலயும் 30 நியூட்டன் மீட்டர் அளவுக்கு புடிக்குதுன்னு வைப்போம். தொங்குற சக்கரம் சுத்தணும்னா இப்ப 30 வேணும். லிமிடெட் ஸ்லிப் மறுபக்கத்துக்கு அதுல மூணு மடங்கு, 90 குடுக்கும், அதுல 30 அந்தப் பக்க பிரேக்கோட போனாலும் 60 மிச்சம், வண்டி நகரும். ஓப்பன்ல மறுபக்கத்துக்கும் 30 தான் வரும், அந்த 30ஐ அந்தப் பக்க பிரேக்கே தின்னுடும், கையில பூஜ்ஜியம். டிராக்டர்ல இது எப்படி நடக்குதுன்னா அங்க எடது வலது பிரேக் தனித்தனி, சுத்துற சக்கரத்த மட்டும் புடிக்கலாம். ஏடிவில ஒரு லிவர் ரெண்டு முன் சக்கரத்தையும் ஒன்னா தான் புடிக்கும்.

அதுலயும் ஒரே லிவர்ல நாலு சக்கரமும் புடிக்கிற வண்டின்னா இந்த வித்தையோட பாதி பலம் பின் பிரேக்கோட சண்டை போட்டே போயிடும். முன்னுக்கு ஒரு லிவர், பின்னுக்கு ஒரு லிவர்னு பிரிஞ்சிருக்குற வண்டில தான் சரியா வரும். லோ கியர்ல, சில விநாடி மட்டும். எஞ்சின் பலம் பெல்ட் வழியா போற வண்டில ஹை கியர்ல வச்சு இத பண்ணா பெல்ட் வாசனை வந்துடும்.

### தானா இறுகுற டிஃப்

கேன்-ஆம் விஸ்கோ-லாக்னு சொல்றது இந்த வகை. எடது வலது சக்கரத்துக்கு நடுவுல வேக வித்தியாசம் வந்தா உள்ள இருக்குற கெட்டி திரவத்துல அழுத்தம் ஏறி, அது கிளச் தட்டுகள அமுக்கி ரெண்டையும் சேத்துடும். காத்துல தொங்குற சக்கரத்துக்கும் இது வேலை செய்யும், லிமிடெட் ஸ்லிப் தோக்குற எடத்துல இது ஜெயிக்குது. சாதா வளைவுல அந்த வேக வித்தியாசம் கம்மி, அதனால ஹேண்டிலும் லேசா இருக்கும்.

குறை என்னன்னா, மொதல்ல சுத்தணும், அப்புறம் தான் இறுகும். மெதுவா பாறை ஏறுறப்ப சுத்த விட்டா டயர் தடால்னு புடிச்சு வண்டி குதிக்கும், ஆழமான சகதில சுத்துற அந்த கொஞ்ச நேரத்துல சக்கரம் தனக்கு தானே குழி தோண்டிக்கும். ஆக்சிலேட்டர விட்டு விட்டு குடுக்குறவங்களுக்கு இது ஒத்து வராது, ஒரே சீரா குடுக்கணும். உள்ள கெட்டா திறந்து சரி பண்றதுக்கு எல்லா மெக்கானிக்கும் கை வைக்க மாட்டாங்க, அதையும் கணக்குல எடுத்துக்கோங்க.

### ரோலர் கிளச்

போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் வழி. முன்னாடி வழக்கமான டிஃப்ஃபே இல்ல. ரெண்டு பக்கமும் ரோலர் வச்ச ஒன்வே கிளச், சைக்கிள் ஃப்ரீவீல் மாதிரி. பின் சக்கரம் புடிமானத்தோட போற வரைக்கும் முன் சக்கரங்க தன் போக்குல உருளும், பின்னாடி வழுக்கி எஞ்சின் பக்க வேகம் முன் சக்கரத்த தாண்டுனதும் ரோலர் கவ்வி ரெண்டு முன் சக்கரமும் ஒன்னா இழுக்கும். புடிமானம் திரும்புனதும் விட்டுடும். சுவிட்ச போட்டு விட்டுட்டா மறந்துடலாம், ஹேண்டில் லேசு, தேவைப்படுறப்ப முழு லாக். ஏறுறதுக்கு இதவிட சுகமான ஏற்பாடு நான் ஓட்டுனதுல இல்ல.

இறங்குறப்ப கதை மாறும். ஃப்ரீவீல் ஒரு பக்கம் தான் கவ்வும். எஞ்சின் வண்டிய புடிச்சு நிறுத்தப் பாக்குறப்ப முன் சக்கரம் எஞ்சின் பக்கத்த விட வேகமா உருளுது, அப்ப ரோலர் கவ்வாது, எஞ்சின் பிரேக் பின் சக்கரத்துக்கு மட்டும் தான். இறங்குறப்ப எடை முழுக்க முன்னாடி, புடிக்கிறது முழுக்க பின்னாடி, லேசா இருக்குற பின் சக்கரம் இழுபட்டு பின்பக்கம் சுத்தி வரப் பாக்கும். போலாரிஸ் இதுக்காகவே சில மாடல்ல ஆக்டிவ் டிசென்ட் கன்ட்ரோல்னு தனியா ஒன்னு வச்சிருக்கு, நாலு சக்கரத்துக்கும் எஞ்சின் பிரேக் போகும். மலைப்பாங்கான எடத்துல வேலைன்னா அது இருக்குற மாடலான்னு கேட்டு எடுங்க.

டயர்ல இன்னொரு மறைமுக செலவு. இந்த ஏற்பாடு முன் பின் டயரோட சுற்றளவு வித்தியாசத்த நம்பி தான் ஓடுது. கெடச்சதப் போட்டு முன்னாடி மட்டும் பெரிய டயர் மாட்டுனா, முன் சக்கரம் மெதுவா சுத்தி, தேவையில்லாதப்பவே ரோலர் கவ்விக்கிட்டு நிக்கும். சின்ன டயர் போட்டா, பின்னாடி ரொம்ப வழுக்குனா தான் முன்னாடி வேலைக்கு வரும். நாலு டயரும் சேத்து மாத்துற மாதிரி பட்ஜெட் போடுங்க. மத்த வகைலயும் இது ஓரளவு உண்மை தான், ஏன்னா முன்னுக்கும் பின்னுக்கும் நடுவுல பெரும்பாலான ஏடிவில டிஃப் எதுவும் கெடையாது, கெட்டித் தரைல ஃபோர் வீல் போட்டு ஓட்டுனா ஷாஃப்ட் முறுக்கிக்கும், சில சமயம் சுவிட்ச எடுத்தாலும் ஃபோர் வீல் விடாது, கொஞ்சம் ரிவர்ஸ் போனா சடக்குனு விடும். அது கோளாறு இல்ல, முறுக்கு பிரியுற சத்தம்.

ஒரே பார்வைல பாக்கணும்னா:

| முன்பக்க வகை | ஒரு சக்கரம் தொங்குனா | ஹேண்டில் | எஞ்சின் பிரேக் முன்னாடி வருமா | மறைமுக செலவு |
|---|---|---|---|---|
| ஓப்பன், லாக் போடாம | முன்பக்கம் இழுக்காது | லேசு | வரும், ஆனா புடிமானம் கம்மியான சக்கரத்து அளவுக்கு தான் | பெருசா இல்ல |
| ஓப்பன், லாக் போட்டு | போகும் | கனம் | முழுசா வரும் | பவர் ஸ்டியரிங், மறந்து ஓட்டுனா ஆக்சில் ஜாயின்ட் |
| லிமிடெட் ஸ்லிப் | பிரேக் வித்தை தெரிஞ்சா போகும் | நடுத்தரம் | வரும் | கிளச் தட்டு தேய்மானம், சரியான ஆயில் |
| தானா இறுகுறது | கொஞ்சம் சுத்திட்டு போகும் | லேசு | வரும் | கெட்டா ரிப்பேர் கஷ்டம் |
| ரோலர் கிளச் | போகும் | லேசு | தனி வசதி இருந்தா மட்டும் | டயர் அளவு பொருத்தம் |

## பிரேக்: டிரம், டிஸ்க், ஆயில்ல மூழ்குனது

டிரம். பழைய வண்டிலயும் சின்ன வண்டிலயும் பின்னாடி இது தான். மூடி இருக்கு, சீல் நல்லா இருக்குற வரைக்கும் சேறு உள்ள போகாது, வருஷக்கணக்கா தொந்தரவே இல்லாம ஓடும். சீல் போச்சுன்னா தான் வேதனை, உள்ள போன தண்ணி வெளிய வராது, வண்டல் மண்ணு பிரேக் ஷூவ உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். நான் மொதல்ல ஓட்டுன பழைய வண்டில இப்படித் தான், ஒரு வாய்க்கால தாண்டி கரையேறி மறுபக்கம் இறங்குறேன், கால அமுக்குனா பெடல் மட்டும் கீழ போகுது, வண்டி போய்க்கிட்டே இருக்கு. முன் பிரேக்க புடிச்சு எப்படியோ நிறுத்துனேன். அப்புறம் கழட்டிப் பாத்தா டிரம்முக்குள்ள களிமண்ணு குழைச்சு வச்ச மாதிரி, சீல் எப்பவோ கிழிஞ்சிருக்கு. தப்பு என்னோடது தான், அந்த சீல ஒரு தடவ கூட பாத்ததில்ல. இப்ப தண்ணில எறங்கி ஏறுனதும் மெதுவா போயிக்கிட்டே பிரேக்க லேசா புடிச்சு காய வைக்கிறது பழக்கமாயிடுச்சு.

டிஸ்க். திறந்து கெடக்கு, தண்ணி பட்டாலும் ஒரு சுத்து சுத்துனா ஒதறிடும், பேட் தேஞ்சதா வெளிய இருந்தே தெரியும், மாத்துறதும் சுலபம். ஆனா வண்டல் சேத்துல தெனமும் நிக்கிற வண்டிக்கு பேட் எவ்ளோ வேகமா கரையும்னு பாத்தா அதிர்ச்சி ஆகிடுவீங்க. கல்லு, கம்பு இடுக்குல மாட்டி டிஸ்க் வளையுறதும் உண்டு. பிரேக் ஃப்ளூயிட் காத்துல இருக்குற ஈரத்த இழுத்துக்கும், அதனால ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ மாத்தணும், இத பெரும்பாலும் யாரும் பண்றதில்ல.

ஆயில்ல மூழ்குன மல்டி டிஸ்க். டிராக்டர் காரங்களுக்கு ஆயில் பிரேக்னா உடனே புரியும். பல தட்டு, ஆயிலுக்குள்ள, மூடுன பெட்டில. சுசுகி கிங்குவாட் 750, கவாசாகி புரூட் ஃபோர்ஸ் 750 ரெண்டுலயும் பின்னாடி இது தான். சேறு, தண்ணி, மணல் எதுவும் கிட்ட நெருங்காது. குளுருல மொத கொஞ்ச தூரம் ஆயில் கெட்டியா இருந்து லேசா இழுக்கும். செலவு தள்ளிப்போகுது, ஆனா ஒரு நாள் வந்தா ஒட்டுமொத்தமா வரும், பெட்டிய பிரிச்சு தான் உள்ள கை வைக்கணும். அந்த ஆயில மட்டும் ஒழுங்கா, சரியான வகையா மாத்திட்டா அந்த நாள் ரொம்ப தள்ளிப் போகும். சேத்துலயே வேலை செய்யுற வண்டிக்கு நான் கண்ண மூடிக்கிட்டு இதத் தான் சொல்லுவேன்.

பின்னாடி டிஃப் இருக்குற வண்டில ஒன்னு கவனிங்க, பிரேக் ஒவ்வொரு சக்கரத்துலயும் தனியா இருக்கான்னு. நடு ஷாஃப்ட்ல ஒன்னு மட்டும் வச்சு டிஃப் திறந்திருந்தா, ஓட்டத்துக்கு சொன்ன அதே கணக்கு பிரேக்குக்கும் வரும், புடிமானம் கம்மியான சக்கரம் எவ்ளோ தாங்குமோ அவ்ளோ தான் மறுபக்கமும் புடிக்கும்.

## எஞ்சின் பிரேக்க சும்மா விட்டுடாதீங்க

வண்டி, ஆளு, சாமான் எல்லாம் சேத்து 470 கிலோன்னு வைங்க. செங்குத்தா 100 மீட்டர் உயரம் இறங்குனா சுமார் 460 கிலோஜூல் சக்தி எங்கயாவது வெப்பமா போயாகணும். ஒன்னேகால் லிட்டருக்கு மேல தண்ணிய சாதாரண சூட்டுல இருந்து கொதிக்க வைக்கிற அளவு அது. மொத்தத்தையும் சின்ன டிஸ்க்கு மேல ஏத்துனா அது என்ன பாடுபடும்? கூட டிரெய்லர் இருந்து, அதுக்கு தனி பிரேக் இல்லன்னா கணக்கு இன்னும் மோசம்.

அதனால லோ கியர், ஆக்சிலேட்டர விட்டுட்டு எஞ்சின் புடிக்கட்டும். கியர் வண்டில இது இயல்பா வரும். பெல்ட் ஓடுற சிவிடி வண்டில எல்லாத்துலயும் வராது, எஞ்சின் வேகம் கொறஞ்சதும் எஞ்சின் பக்க கிளச் பெல்ட்ட விட்டுடும், வண்டி நியூட்ரல்ல உருளுற மாதிரி உருளும். அத தடுக்க உள்ள ஒன்வே பேரிங் வச்ச வண்டிகள் இருக்கு, அது இருக்கான்னு கேளுங்க. டெஸ்ட் ஓட்டுறப்ப ஒரு சரிவுல லோ போட்டு ஆக்சிலேட்டர விட்டுப் பாத்தா கேக்கவே தேவையில்ல, கழுத்துலயே தெரியும்.

## அப்ப எனக்கு எது?

செங்குத்தான எடத்துல ஏறி எறங்கி வேலைன்னா, முன்னாடி லாக் சுவிட்ச், பவர் ஸ்டியரிங், நல்ல எஞ்சின் பிரேக். லாக் போட்டு லோல இறங்குனா நாலு சக்கரமும் எஞ்சினோட கட்டுப்பட்டு வரும், எந்த ஒரு சக்கரமும் தனியா லாக் ஆகி இழுபடாது. மருந்து டேங்க் கட்டுறவங்களுக்கும் இதே தான், அர டேங்க் தண்ணி உள்ள அலையடிக்கிறப்ப இறங்குற வண்டி எவ்ளோ அமைதியா இருக்கோ அவ்ளோ நல்லது.

சமதளம், சகதி, நீர் தேங்குன வயல்னா ரோலர் கிளச்சோ தானா இறுகுறதோ, பின்னாடி ஆயில் பிரேக். ரெண்டும் ஒரே வண்டில கெடைக்கலன்னா பிரேக்குக்கு முன்னுரிமை குடுங்க, மாட்டுன வண்டிய இன்னொரு வண்டி இழுத்துடும், நிக்காத வண்டிய யாரும் புடிக்க முடியாது.

பல பேரு ஓட்டுற வண்டின்னா லிமிடெட் ஸ்லிப், சுவிட்ச் எவ்ளோ கம்மியோ அவ்ளோ நிம்மதி. புல்வெளிக்கு பின் டிஃப். காஞ்ச தரைல வேலி சுத்திப் பாக்குறது மட்டும் தான் வேலைன்னா ஃபோர் வீலே வேணாம், டூ வீல் டிரைவ் வண்டி எடை கம்மி, முன்னாடி சீல் இல்ல, ஷாஃப்ட் இல்ல, கெடுறதுக்கு ஒன்னுமே இல்ல. இத சொன்னா யாருக்கும் புடிக்காது, ஆனா இந்த வண்டி வாங்குறவங்கள்ல கணிசமான பேருக்கு இதுவே போதும்.

## பழைய வண்டி பாக்கப் போனா

விக்கிறவரு என்ன சொன்னாலும் ஜாக்கி வச்சு முன்பக்கத்த தூக்குங்க. ஃபோர் வீல் போட்டு, கியர்ல வச்சு, எஞ்சின ஆஃப் பண்ணிட்டு ஒரு முன் சக்கரத்த கையால சுத்துங்க. மறுபக்க சக்கரம் எதிர் திசைல லேசா சுத்துனா ஓப்பன், இறுக்கமா எதிர் திசைல சுத்துனா லிமிடெட் ஸ்லிப் இன்னும் உயிரோட இருக்கு. லாக் போட்டதும் ரெண்டும் அசையாம நிக்கணும். ரோலர் வகைன்னா சக்கரம் தன் பாட்டுக்கு சுத்தும், அத பாத்து கெட்டுப்போச்சுன்னு நெனைக்காதீங்க, அத வழுக்குற எடத்துல ஓட்டித் தான் பாக்கணும். அப்படியே முன் டிஃப் ஆயில் போல்ட்ட கழட்டி விரல்ல தொட்டுப் பாருங்க, பால் கலந்த மாதிரி வெளுப்பா இருந்தா சீல் வழியா தண்ணி போயிருக்கு, பின் பிரேக் பெட்டியையும் அவரு முன்னாடியே திறந்து பாத்துட்டு அப்புறமா வெலை பேசுங்க.